பெரட்டுக்கு நின்றவர்கள்

இராக்கம்மாவுக்கு மூக்கு நுனியில் கோபம் என்று தோட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்பவர்களில் பாதிப் பேர் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். ஆனால் அவள் கதையைச் சொல்லப் புகுந்தால், கோபப்பட்ட நாட்களைவிட, கோபத்தை விழுங்கிக்கொண்டு நின்ற நாட்கள்தான் அதிகம். அப்படி அவள் நின்ற இடம் பெரட்டுக்களம்.

இலங்கை மலையகத்தில் தெமோதரைக்கு மேலே, ரயில் பாதையைத் தாண்டி ஏறினால் வரும் தோட்டம். சின்னப்பாறை என்று பெயர். விடிந்தும் விடியாத நேரத்தில், தேயிலை ஸ்டோருக்குப் பக்கத்து மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டில் இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். அந்தச் சத்தம் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துத் தகரத்தில் வந்து மோதினால், பால் குடிக்கிற பிள்ளையை மாரிலிருந்து பிடுங்கிவிட்டு ஓட வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். கங்காணி பேர் கூப்பிடுவார், யார் எந்த மலையில் கொழுந்தெடுப்பது, யார் கவ்வாத்து வெட்டுவது என்று பிரித்து விடுவார். பிந்தி வந்தவனுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. இதற்குத்தான் பெரட்டு என்று பெயர்.

அது தமிழ்ச் சொல் என்றே இராக்கம்மா நினைத்து வளர்ந்தாள். தமிழ் இல்லை. வெள்ளைக்காரத் துரைமார் ‘பரேட்’ என்றார்கள். நம் ஆட்கள் அதை வாயில் போட்டுக் குதப்பிப் பெரட்டு ஆக்கிக்கொண்டார்கள். துரைமாருக்கும் அது அப்பன் வீட்டுச் சொத்து இல்லை, பிரெஞ்சுக்காரனிடம் வாங்கியது. அவனுக்கும் முன்னால் ஸ்பானியக்காரன், ஓடுகிற குதிரையை இழுத்து நிறுத்துவதற்கு அந்தச் சொல்லை வைத்திருந்தான் என்கிறார்கள். பிறகு அது பிரபுக்கள் குதிரையேறி ஜம்பம் காட்டுவதற்கு ஆயிற்று. பிறகு சிப்பாய்களை வரிசையில் நிறுத்துவதற்கு. பிறகு கொடி, பாண்டு வாத்தியம், தெருவெல்லாம் வேடிக்கை என்று இங்கிலாந்தில் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பார்க்கப் போகிற திருவிழாவாகவும் ஆகிவிட்டது. கப்பலேறி இந்த மலைக்கு வந்தபோது அந்தச் சொல்லிடம் வாத்தியமும் இல்லை, கொடியும் இல்லை. குதிரையை இழுத்து நிறுத்தின கடிவாளம் மட்டும் இருந்தது. நினைத்தால் வயிறெரியத்தான் செய்கிறது.

அறுபத்தாறாம் ஆண்டு மாரிக்காலத்தில் ஒரு நாள் இராக்கம்மாவின் புருஷன் மாடசாமி பெரட்டுக்குப் பிந்திவிட்டான். பிள்ளைக்குக் காய்ச்சல். மருந்துக்கார ஐயாவின் கதவைத் தட்டிவிட்டு, நனைந்த கோழியாக ஓடிவந்து வரிசையின் கடைசியில் நின்றான். பொன்னையா கங்காணி பேர் கூப்பிடுவதை நிறுத்தினார். தொழிற்சங்கம் வந்து வருஷக்கணக்காகிவிட்டது, யாரும் யார் மேலும் கை வைக்கக் கூடாது என்று பேச்சு. அந்தப் பேச்செல்லாம் அப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் மேடை போட்ட இடங்களில் இருந்தது. சின்னப்பாறையில் பொன்னையாவின் கையில் பிரம்பு இருந்தது.

“என்னடா, மாப்பிள்ளைக்கு இப்பத்தான் விடிஞ்சுதா?”

“புள்ளைக்குக் காய்ச்சலுங்க கங்காணி.”

“ஏறிட்டுப் பாத்தா பேசுற? தலையக் குனிடா!”

மாடசாமி குனிந்தான். பிரம்பு முதுகில் விழுந்தது, தோளில் விழுந்தது, குனிந்த பிடரியில் விழுந்து தோலைப் பிய்த்தது. துரை ஸ்டோர் வாசலில் நின்று சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். பார்க்காததைப் போல் திரும்பிக்கொண்டார். பெண்கள் வரிசையில் நின்ற இராக்கம்மாவின் கை, கொழுந்துக் கூடையின் கயிற்றை முறுக்கி முறுக்கி அறுத்துவிட்டது. ஆனால் கால் ஓரடி நகரவில்லை. நகர்ந்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். அவளுக்கு அது தெரியும், பொன்னையாவுக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அத்தனையையும் புருஷன் மேல் கொட்டினாள்.

“நீயெல்லாம் ஒரு ஆம்பளையா? கையப் புடிச்சு அந்தப் பெரம்பப் பிடுங்கி எறிஞ்சிருக்க வேணாமா?”

மாடசாமி மஞ்சள் பற்றுப் போட்ட பிடரியைத் தடவிக்கொண்டு, “விடு புள்ள, இனிமே பிந்த மாட்டேன்” என்றான்.

சொன்னபடியே செய்தான். அன்றிலிருந்து மணி அடித்து ஓயுமுன்னே களத்தில் முதல் ஆளாக நிற்பான். மழையோ, காய்ச்சலோ, முதல் ஆள் மாடசாமிதான். தோட்டத்து இளவட்டங்கள் அவனுக்குப் ‘பெரட்டு மாப்பிள்ளை’ என்று பேர் வைத்துக் கேலி செய்தார்கள். அவன் சிரித்துக்கொள்வான். இராக்கம்மா சிரிக்க மாட்டாள். அடித்தவனுக்கு ஒரு சேதமும் இல்லாமல், அடி வாங்கினவன் மட்டும் மாறிப்போனதை அவளால் பொறுக்க முடியவில்லை.

எழுபத்து மூன்று, எழுபத்து நாலில் பஞ்சம் வந்தது. மரவள்ளிக் கிழங்குக்கு அடிதடி. பெரட்டில் நின்றபடியே ஆட்கள் சுருண்டு விழுந்தார்கள். பொன்னையா பிரம்பு நுனியால் குத்திப் பார்த்து, அசைந்தால் எழுப்பி விடுவார். அடுத்த வருஷம் தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது. வெள்ளைக்காரன் போனான், கம்பனி போனது, புது துரை வந்தார். பெரட்டு மட்டும் போகவில்லை.

எழுபத்தேழு ஆவணியில், தேர்தல் முடிந்த கையோடு தமிழ் ஆட்களைத் தேடித் தேடி அடிக்கிற கலவரம் ஊரில் பற்றிக்கொண்டது. கீழே கடைகள் எரிகிற புகை தெமோதரைப் பக்கமிருந்து தெரிந்தது. புது துரை எல்லோரையும் கூப்பிட்டு, “லயத்தில் இருக்க வேண்டாம், தேயிலைக்குள் போய் ஒளிந்துகொள்ளுங்கள். நான் பொலிசைக் கூட்டி வருகிறேன். பொலிஸ் வந்ததும் பெரட்டு மணி அடிப்போம். மணி கேட்டால் உடனே களத்துக்கு வாருங்கள், லொறியில் ஏற்றிப் பதுளைக்கு அனுப்புகிறேன்” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதில் சந்தேகமில்லை.

ஜனங்கள் மழையில், அட்டைக்கடியில், பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு செடிக்கடியில் கிடந்தார்கள். இராக்கம்மாவின் பிள்ளை பூனாகலையில் தாய்மாமன் வீட்டில் இருந்தது, அந்த மட்டுக்குத் தப்பித்தது. மறுநாள் பகலில் மணி அடித்தது. நிறுத்தாமல் அடித்தது. செடிகளுக்குள் அழுகையும் சிரிப்புமாய் ஒரு சலசலப்பு எழுந்தது.

அடுத்த காம்பரா ரெங்கம்மாவுக்குக் கணுக்கால் பிசகி வீங்கியிருந்தது. மாடசாமி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான்.

“நீ அக்காவத் தாங்கிக்கிட்டு மெதுவா வா. நான் முன்னாடி போயி லொறில எடம் புடிக்கிறேன்.”

“இருய்யா, ஒண்ணாப் போவோம்.”

“மணி அடிச்சிருச்சு புள்ள, பிந்திரக் கூடாது.”

ஓடினான். அவனுக்குப் பின்னால் இன்னும் பல ஆண்கள் ஓடினார்கள்.

இராக்கம்மா ரெங்கம்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு களத்துக்கு மேலே உள்ள மலையின் விளிம்புக்கு வந்தபோது, கீழே லொறி இருந்தது. பொலிசும் இல்லை, துரையும் இல்லை. கத்தியும் பொல்லுத்தடியும் பெற்றோல் தகரமுமாக ஒரு கும்பல் நின்றது. மணிக்கடியில் பொன்னையா கங்காணி நின்றார். அவருடைய இளைய மகனின் கழுத்தில் ஒருவன் கத்தியை வைத்திருந்தான். அரக்கு நிறச் சட்டை, அடர்ந்த மீசை. பொன்னையா அழுதுகொண்டே மணியை அடித்துக்கொண்டிருந்தார். தேயிலைக்குள் தேடி அலைவதைவிட இது சுலபம் என்று எவனோ அந்தக் கும்பலுக்கு யோசனை சொல்லியிருக்கிறான். நாசமாய்ப் போகிறவன்.

வந்தவர்கள் என்ன நடக்கிறது என்று புரியுமுன்பே வரிசையில் நின்றுவிட்டார்கள். பழகின கால்கள். அரக்குச் சட்டைக்காரன் பையனை இன்னொருவனிடம் தள்ளிவிட்டு, கங்காணி நடப்பதைப் போலவே வரிசைக்கு முன்னால் நடந்தான். அரைகுறைத் தமிழில், “தலை குனி, தலை குனி” என்றான். அவன் கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

முதலில் நின்றவன் மாடசாமி. முதலில் வெட்டுப்பட்டவனும் அவன்தான். குனிந்த பிடரியில் கத்தி இறங்கியது. அவன் கையைத் தூக்கவில்லை. ஏதோ கேட்க வாயைத் திறந்தவனைப் போல் முழங்காலில் மடிந்து, முகம் குப்புற விழுந்தான். அதற்குப் பிறகு வரிசை கலைந்தது. ஓடினவர்களைத் துரத்தித் துரத்தி அடித்தார்கள். ஒருவனைக் கால் முறியும்வரை பொல்லால் அடித்து, லயத்துக்குள் இழுத்துப் போட்டுப் பெற்றோலை ஊற்றினார்கள். அவன் போட்ட சத்தத்தை இங்கே எழுத முடியாது. இராக்கம்மா கத்த வாயெடுத்தபோது ரெங்கம்மா உள்ளங்கையால் பொத்தினாள். அந்தக் கையை இராக்கம்மா எலும்பு தெரியக் கடித்துவிட்டாள். ரெங்கம்மா கையை எடுக்கவில்லை. இரண்டு பேரும் உயிரோடு இருப்பதற்கு அந்தக் கைதான் காரணம்.

அரக்குச் சட்டைக்காரன் கத்தியைத் துடைக்கும்போது மலையைப் பார்த்துத் திரும்பினான். செடி மறைவிலிருந்து இராக்கம்மா அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

கீழ்க் கிராமத்துச் சிங்கள அம்மா ஒருத்தி அவர்களை மாட்டுக் கொட்டிலில் ஒளித்து வைத்து, தேத்தண்ணீரும் கருப்பட்டியும் கொடுத்தாள். அங்கிருந்து அவர்களைப் பதுளைக்கு ஏற்றிப் போனவர் புஹாரி முதலாளி. பதுளைக் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்தவர், சின்னப்பாறை ஆட்கள் தீபாவளிக்கு அவரிடம்தான் துணி எடுப்பார்கள். கடைக்குப் பின்னால் இருந்த கிட்டங்கியைத் திறந்துவிட்டார். பொன்னையாவும் அங்கேதான் வந்து சேர்ந்தார். மகனைக் கொல்லாமல் விட்டிருந்தார்கள். இராக்கம்மா அவர் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

சில வாரம் கழித்துப் பொலிஸ் சார்ஜன் ஒருவர் வந்தார். சந்தேகத்தில் சிலரைப் பிடித்திருப்பதாகவும், கோர்ட்டில் அடையாளப் பரேட் வைப்பதாகவும், பார்த்தவர்கள் வந்து ஆளைக் காட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

“பரேட்டுன்னா பெரட்டுங்களா?” என்று ரெங்கம்மா கேட்டாள்.

“அதுதான், அதுதான். வரிசையா நிப்பாட்டுவோம்” என்றார் சார்ஜன்.

ரெங்கம்மா எழுந்துவிட்டாள். “நான் இனிமே எந்தப் பெரட்டுக்கும் வர மாட்டேன் சாமி” என்று மூலையில் போய்ச் சுருண்டுகொண்டாள். மிஞ்சினது பொன்னையாவும் இராக்கம்மாவும்தான்.

மறுநாள் ஒருவன் கடைக்கு வந்து, சாரம் எடுப்பதைப் போல் துணியைப் புரட்டிக்கொண்டே புஹாரி முதலாளியிடம் நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனான்: தோட்டத்தில் எரியாத லயம் இன்னும் இருக்கிறது, எவராவது எவரையாவது காட்டிக்கொடுத்தால் அதுவும் இருக்காது, இந்தக் கடையும் இருக்காது.

முதலாளி அதை மறைக்காமல் இராக்கம்மாவிடம் சொன்னார்.

“தங்கச்சி, போன்னும் சொல்ல மாட்டேன், போகாதேன்னும் சொல்ல மாட்டேன். எனக்கும் பயம்தான். ஆனா என்ட கடையப் பாத்து நீங்க முடிவெடுக்க வேணாம்.”

பொன்னையா முதன்முறையாக அவள் அருகில் வந்து குந்தினார். பிரம்பு இல்லாத கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தார்.

“வேணாம் தாயி. நாம திரும்பிப் போயி அங்கதான் பொழைக்கணும். போனவன் போயிட்டான். இருக்கிறவங்கள நெனச்சுப் பாரு.”

“போனது ஒங்க மகன் இல்லீங்களே கங்காணி.”

“மணிய அடிச்சது நாந்தான். எனக்குத் தூக்கம் இல்ல தாயி.”

“தூங்காதீங்க. அவன் ஒங்ககிட்ட அடி வாங்கினதாலதான் முன்னுக்கு ஓடினான். தூங்கவே தூங்காதீங்க!”

பொன்னையா எழுந்து போய்விட்டார். சொல்லிவிட்ட பிறகும் அவளுக்கு மனம் ஆறவில்லை. எரியாத லயத்தில் இருப்பவர்களும் அவளுக்கு வேண்டியவர்கள்தான். அவள் தங்கை பெரியாயி அங்கேதான் கைக்குழந்தையோடு இருந்தாள். காட்டினால் அவர்களுக்கு ஆபத்து. காட்டாவிட்டால் மாடசாமியை ஒருவரும் கொல்லவில்லை என்று ஆகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் சோறு இறங்காமல் கிடந்தாள்.

கோர்ட்டு முற்றத்தில் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை போட்ட ஆண்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். நீதவான் ஐயா நாற்காலியில் இருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் குடை பிடித்தபடி நின்றார். முதலில் பொன்னையாவை விட்டார்கள். அவர் வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தரையைப் பார்த்துக்கொண்டே நடந்து, “தெரியலீங்க” என்று கும்பிட்டுவிட்டு மறுபக்க வாசலால் வெளியேறினார். அடுத்த அறையில் காத்திருந்த இராக்கம்மாவைக் கூப்பிட்டார்கள்.

“ஆள் இருந்தால் தோளில் தொட்டுக் காட்டு” என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார்.

அவள் வரிசையின் தலைப்பில் போய் நின்றாள். வாழ்நாள் முழுக்க அந்தப் பக்கத்தில் நின்றவள், இன்றைக்கு இந்தப் பக்கம். எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். யாருக்கு எந்த முகம் என்றே தெரியவில்லை. இராக்கம்மா கத்தினாள்.

“தலைய நிமித்துங்கடா!”

முற்றம் அதிர்ந்தது. வக்கீலின் குடை ஆடியது. மொழிபெயர்ப்பாளர் தடுக்க வந்தார். நீதவான் கையசைத்து அவரை நிறுத்தினார். நின்றவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். அவள் ஒவ்வொரு முகத்துக்கும் முன்னால் நின்று பார்த்துக்கொண்டே நடந்தாள்.

மீசையை மழித்திருந்தான். மேல் உதடு மட்டும் வெளுத்திருந்தது. அவளைப் பார்த்ததும் அந்த உதடு லேசாகச் சிரித்தது, ‘உன் தங்கை எங்கே இருக்கிறாள் தெரியுமே’ என்பதைப் போல. அதுவரை அவளுக்கு இரண்டு மனம்தான். அந்தச் சிரிப்பைக் கண்டதும் ஒரு மனம் செத்துவிட்டது.

தோளைத் தொடவில்லை. கொழுந்து பறித்துக் காய்த்துப்போன கையை முழுக்கப் பின்னால் கொண்டுபோய், பலம் கொண்ட மட்டும் அவன் கன்னத்தில் அறைந்தாள். அவன் தடுமாறிப் பக்கத்தில் நின்றவன் மேல் சாய்ந்தான். உதடு கிழிந்து வெள்ளைச் சட்டையில் இரத்தம் சொட்டியது. மறுபடி ஓங்கினாள். பொலிஸ்காரர்கள் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். இழுபடும்போதும் காலால் உதைத்தாள், அவன் முகத்தில் காறித் துப்பினாள்.

“இவன்தான்! இவன்தாங்க! எம்புருஷன் பிடரியில வெட்டினவன் இவன்தான்!”

வக்கீல் துள்ளிக் குதித்தார். சாட்சி தொட்டுக் காட்டவில்லை, தாக்கியிருக்கிறாள், பழைய பகை, இந்தப் பரேட் செல்லாது என்றார். நீதவான் எதையோ எழுதிக்கொண்டார்.

லயத்தை எரிக்கவில்லை. வெறும் மிரட்டல்தான். ஆனால் இராக்கம்மா தோட்டத்துக்குத் திரும்பிய பிறகு பெரட்டில் அவளுக்குப் பக்கத்தில் நிற்க ஜனம் பயந்தது. சொந்தத் தங்கையே ஒதுங்கி நின்றாள். பொன்னையா கங்காணி வேலையை விட்டுவிட்டார். ரெங்கம்மா மட்டும் நொண்டிக்கொண்டு வந்து, கடித்தடம் ஆறாத கையால் இராக்கம்மாவின் கூடைக்கயிற்றைச் சரிசெய்துவிட்டு, கூடவே நின்றாள்.

கொலை வழக்கு தவணைக்கு மேல் தவணை போனது. சாட்சி போதாது என்றார்கள். அரக்குச் சட்டைக்காரன் பிணையில் வந்து பழையபடி லொறி ஓட்டினான். தெமோதரைச் சந்தியில் அவளைக் கண்டால் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனான். பிறகு வழக்கு எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆனால் இன்னொரு வழக்கு, கோர்ட்டு முற்றத்தில் ஆளை அடித்துக் காயப்படுத்திய வழக்கு, தவணையே இல்லாமல் ஓடியது. இராக்கம்மாவைக் கூண்டில் ஏற்றினார்கள். இந்த முறை வேறொரு நீதவான், வேறொரு மொழிபெயர்ப்பாளர்.

“நீ குற்றவாளியா, குற்றமற்ற சுற்றவாளியா?” என்று மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

இராக்கம்மா கூண்டின் மரத்தைப் பிடித்துக்கொண்டாள். தலையைக் குனியவில்லை.

“அடிச்சேங்க. நல்லா அடிச்சேன். எம்புருஷனக் கொன்னானே, அவன இந்தப் பொட்டியில ஏத்தி இதே மாதிரி ஒருக்காவாவது கேட்டீங்களா?”

நீதவான் நிமிர்ந்து, என்ன சொல்கிறாள் என்று பார்வையால் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு சிங்களத்தில் சொன்னார்:

“குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள், ஐயா.”